பன்னிரண்டாவது போன்

நான் வேலையை விட்டுவிட்டு வந்த அன்று எங்கள் வீட்டில் யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி அன்றைக்கே விவகாரத்தை முடித்திருப்பேன். வாய்ச்சண்டையில் நான் யாருக்கும் இளைத்தவள் இல்லை. ஆனால் மாமனார் செய்தித்தாளை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டு, கடைக்குப் போகும் ஆளிடம் கேட்பதுபோல, "எத்தனை மாசம்மா?" என்று கேட்டார்.

"எது மாமா?"

"நீ ஏதோ ஆப்பு செய்யப் போறேன்னியே. அது வெளிய வர எத்தனை மாசம்?"

ஆப்பு இல்லை மாமா, ஆப் என்று திருத்தினேன். இந்த ஒரு நகைச்சுவையை எங்கள் சொந்தத்தில் செய்யாத ஆளே இல்லை. ஒவ்வொருவரும் தாங்களே கண்டுபிடித்த மாதிரி சிரிப்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆறு மாசம்" என்றேன். எந்தக் கணக்கும் போட்டுச் சொல்லவில்லை, வாயில் வந்தது, சொல்லிவிட்டேன்.

"சரி. ஆறு மாசத்துல அது கடைக்கு வந்துட்டா அப்புறம் உன் இஷ்டம், யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டோம். வரலைன்னா பழைய ஆபீசுக்கே போயிடு. இடம் வெச்சிருப்பாங்களான்னு மட்டும் கேட்டுக்கோ."

கேட்டேன். என் மேனேஜர் தேன் ஒழுகப் பேசுகிறவர். "உங்களுக்கு எப்பவும் இடம் உண்டு, ஆறு மாசம் கழிச்சு ஒண்ணாம் தேதி வரைக்கும் நாற்காலி காத்திருக்கும்" என்றார். அந்த நாற்காலியில் ஏழு வருடம் உட்கார்ந்து யார் யாருடைய ஆப்களுக்கோ பொத்தானின் நிறத்தை மாற்றிக்கொண்டிருந்தேன். நீலத்தைப் பச்சையாக்கு, பச்சையை மறுபடி நீலமாக்கு. இன்னொரு முறை அதில் போய் உட்கார்ந்தால் பிறகு எழுந்திருக்கவே மாட்டேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் அந்த ஒண்ணாம் தேதி எனக்கு எமனாகத் தெரிந்தது.

மாமாவிடம் கெடுவை நீட்டிக்கக் கேட்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். அவர் ஓய்வு பெற்ற டிக்கெட் பரிசோதகர். ஓடும் ரயிலில் ஆயுள் பூராவும் டிக்கெட் பார்த்தவர். "மறந்துட்டேன் சார்", "அவசரத்துல வந்துட்டேன் சார்", "அடுத்த ஸ்டேஷன்ல தர்றேன் சார்" எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு அவர் காது காய்த்துப் போயிருந்தது. அவரிடம் சாக்குச் சொல்வதும் சுவரிடம் சொல்வதும் ஒன்று.

என் ஆப்பின் பெயர் 'கைமாற்று'. இன்டர்நெட் வேண்டாம், ஒயர் வேண்டாம். ஒரு போனில் இருக்கும் படத்தையோ பாட்டையோ பக்கத்துப் போனுக்கு புளூடூத்தில் தள்ளிவிடும். "இதுதான் எல்லா போன்லயும் இருக்கே?" என்று கேட்காதவர் இல்லை. இருக்கிறது, யார் இல்லை என்றார்கள்? ஆனால் ஒரு கம்பெனி போன் இன்னொரு கம்பெனி போனைக் கண்டால் பங்காளியைப் பார்த்த மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். முக்கால்வாசி போன வீடியோ அறுந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். என்னுடையது விட்ட இடத்திலிருந்து தொடரும், எந்தப் போனோடும் பேசும். அதற்காகத்தான் ஐந்து மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

என் அலுவலகம் படுக்கையறை மூலையில் இருந்த இஸ்திரி மேசை. அதன்கீழ் ஒரு கூடையில் பழைய போன்கள். திரை விரிசல் விட்டது, பேட்டரி உப்பியது, ஆன் செய்தால் மூன்று நிமிடம் யோசிப்பது என்று பலவிதம். என் வீட்டுக்காரர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். கடையில் மிஞ்சும் கண்ணாடிக் கூடுகளைக் கொண்டுவந்து ஒவ்வொரு போனுக்கும் ஒரு கூடு என்று கொடுத்தார். அவர்தான் என் முதல் சோதனையாளரும். ஒரு போனை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கி, ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று "வந்துச்சா?" என்று கத்துவார். நான் மேலிருந்து "வருது!" என்று கத்துவேன். கீழ்வீட்டுக்காரர்கள் யாருக்கோ பிரசவ வலி என்று நினைத்து ஒருநாள் கதவைத் திறந்து பார்த்தார்கள்.

புளூடூத்துக்கு மனித உடம்பு ஒரு சுவர். பின்பாக்கெட்டில் போனை வைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்து நின்றால் வேகம் பாதியாகிவிடும். "திரும்பி நில்லுங்க, என்னைப் பார்க்காதீங்க!" என்று விரட்டுவேன். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு சாதுவாக நிற்பார். இதைப் பார்த்த அத்தை, "என்னடி, ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்று கவலையோடு கேட்டார். அத்தை என்றால் என் மாமியார். அவர் சமையலறையில் மைக்ரோவேவில் பால் சூடாக்கினாலும் என் ஆப் படுத்துவிடும். அந்த அடுப்பின் அலையும் புளூடூத்தின் அலையும் ஒரே தெருவில் ஓடுகிறவை. எவ்வளவு போயிற்று என்று காட்டும் கோடு தொண்ணூறு சதவீதத்தில் நின்றுபோனால், "அத்தை, பாலை அடுப்புல வெச்சா என்ன?" என்று இங்கிருந்தே குரல் கொடுப்பேன்.

அத்தைக்கும் ஒரு குறை இருந்தது. "உன் நாத்தனா பையன் படமெல்லாம் அவர் போன்லயே கிடக்கு. கேட்டா அனுப்புறேன் அனுப்புறேன்கிறார். இந்த ஜென்மத்துல அனுப்ப மாட்டார்." அவர் என்றால் மாமா.

அந்தக் குறையைத் தீர்க்கவே 'குடும்பம்' என்று ஒரு வசதியை எழுதினேன். இரண்டு போன்களை ஒருமுறை குடும்பமாகச் சேர்த்துவிட்டால் போதும். அதற்குப்பின் ஒரு போனுக்கு ஆப் வழியாகப் புதிதாக வரும் படம், மற்றப் போன் பக்கத்தில் வந்தவுடன் தானாகவே அதற்கும் போய்விடும். யாரும் எதையும் தொட வேண்டாம். மாமா வெளியே போய்விட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அத்தையின் போன் 'டிங்' என்று அடிக்கும். அதை எழுதி முடித்த அன்று எனக்கே என்னைப் பிடித்துப்போய், கண்ணாடி முன் நின்று ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டேன்.

எல்லாம் தயார் என்று நினைத்தபோதுதான் வினை வந்தது. கெடு முடிய ஒரு மாதம்கூட இல்லை. ஆப் கடையில் பதிவு செய்யப் போனால், அவர்கள் ஒரு நிபந்தனையை நீட்டினார்கள். தனி ஆளாக முதல்முறை ஆப் கொண்டுவருகிறவர்கள், குறைந்தது பன்னிரண்டு பேரை அதைப் போனில் வைத்துத் தொடர்ந்து இரண்டு வாரம் பயன்படுத்த வைக்க வேண்டும். நடுவில் ஒருவர் அழித்து, எண்ணிக்கை பன்னிரண்டுக்குக் கீழே போனால், இரண்டு வாரமும் மறுபடி முதலிலிருந்து. அதற்கப்புறம் அவர்கள் பார்த்து அனுமதிக்க இன்னும் சில நாள். ஒருமுறை தவறினால் இன்னொரு முறைக்கு நேரம் இல்லை என்பது கைவிரல் மடக்கினாலே தெரிந்தது.

பன்னிரண்டு பேரைப் பிடிப்பது சுலபம் என்றுதானே நினைப்பீர்கள்? கல்யாணத்துக்கு முந்நூறு பேர் வந்தார்கள். போனில் ஒரு ஆப் வைத்துக்கொள் என்றால் முந்நூறு பேருக்கும் முந்நூறு சாக்கு. வீட்டுக்காரர், மாமா, அத்தை, நாத்தனார், அவள் கணவர், என் அண்ணன், அண்ணி, அம்மா, சித்தப்பா, கண்ணாடிக் கடையில் இருவர், பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா. முட்டி மோதிப் பன்னிரண்டு. பதின்மூன்றாவதாக ஒரு ஆள் சிக்கவில்லை. குடும்பக் குழுவில் இணைப்பை அனுப்பி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக போன் போட்டு, "அழிச்சிடாதீங்க, தினமும் ஒருதரம் திறங்க" என்று மன்றாடினேன்.

இரண்டாம் நாளே சித்தப்பா கூப்பிட்டார். "பாப்பா, போன்ல இடமே இல்லைன்னு காட்டுது. உன்னுதை எடுத்துடவா?"

"ஐயோ சித்தப்பா! ரெண்டே வாரம் சித்தப்பா! உங்க கால்ல வேணா விழறேன்!"

கூடத்தில் நடந்துகொண்டே அரைமணி நேரம் கெஞ்சினேன். மாமா செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருந்தார். சித்தப்பா கடைசியில் தான் பாடிய பாட்டுகள் நாற்பதை அழித்து எனக்கு இடம் கொடுத்தார். இசை உலகத்துக்கும் அதனால் பெரிய நஷ்டம் இல்லை.

எத்தனை பேர் ஆப்பை வைத்திருக்கிறார்கள் என்று ஆப் கடைக்காரர்கள் எண்ணிக்கை சொல்ல மாட்டார்கள். ஒரு பட்டை மட்டும் காட்டுவார்கள். பச்சையாக இருந்தால் ஆள் போதும், சிவப்பானால் போதாது. தினமும் காலையில் அந்தப் பட்டை புதுப்பிக்கப்படும். எழுந்தவுடன் பல்கூடத் தேய்க்காமல் அதைத்தான் பார்ப்பேன். பச்சை. அடுத்த நாள் பச்சை. அதற்கடுத்த நாளும் பச்சை.

இதற்கிடையில் அத்தையிடம் ஒரு மாற்றம். காலையில் மாமா நடைப்பயிற்சி முடிந்து வந்து கதவைத் திறந்ததும் அத்தையின் போன் டிங் என்று அடிக்கும். திறந்தால் ஒரு ரோஜாப்பூ படம், 'இனிய காலை' என்ற எழுத்தோடு. ஒருநாள் சிவப்பு ரோஜா, ஒருநாள் மஞ்சள், ஒருநாள் பனித்துளியோடு. அத்தை என்னைச் சமையலறைக்குள் இழுத்து, "இத பாரேன், உங்க மாமாவுக்கு இந்த வயசுல வந்த புத்தியை" என்று காட்டினார். குரலில் அலுப்பு, முகத்தில் வேறு. அந்த ரோஜா என் போனுக்கும்தான் வந்தது, வீட்டுக்காரர் போனுக்கும்தான் வந்தது. அதைச் சொல்லி அவர் சந்தோஷத்தில் மண்ணைப் போட எனக்கு மனம் வரவில்லை. மாமா எங்கிருந்தோ பூப்படம் எடுத்து மனைவிக்கு அனுப்பத் தெரிந்துகொண்டாரே, நம் ஆப் வேலை செய்கிறதே என்று மகிழ்ந்து பேசாமல் இருந்துவிட்டேன்.

இரண்டு வாரம் முடிய நான்கு நாள் இருக்கும்போது வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் கூடத்தில் இருந்தோம். மாமா உள்ளே வந்து, "அப்பாடா! இன்னிக்குப் பூங்காவை நாலு சுத்து சுத்திட்டேன்" என்று துண்டால் நெற்றியைத் துடைத்தார். டிங், டிங், டிங் என்று மூன்று போன்களும் அடித்தன. அத்தை புன்னகையோடு மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு போனைத் திறந்தார். புன்னகை அப்படியே உறைந்தது.

ரோஜா இல்லை. மாமா. முழுத்திரையில் மாமா. ஆவென்று திறந்த வாய்க்குள் பாதி போயிருந்தது ஒரு கிரீம் பன், மூக்கு நுனியில் ஒரு சொட்டு கிரீம். கண்களை மூடி, வேறு உலகத்தில் இருந்தார். மாமாவுக்குச் சர்க்கரை நோய் வந்து பல வருடம் ஆகிறது. அத்தை அவருக்கு அரை ஸ்பூன் சர்க்கரைகூடக் கண்ணில் காட்டியதில்லை.

"நாலு சுத்தா?" என்றார் அத்தை.

மாமா துண்டால் மறுபடி நெற்றியைத் துடைத்தார்.

"எதைச் சுத்தினீங்க? பேக்கரியையா?"

"இது... இது எப்படி உன் போனுக்கு வந்துச்சு?" மாமாவின் பார்வை மெல்ல என் பக்கம் திரும்பியது.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். தொழில் பெருமை விடவில்லை. "குடும்பம் வசதி மாமா. உங்க போனுக்கு வர்ற படம், நீங்க வாசல்ல நுழைஞ்சதும் தானா எங்களுக்கு வந்துடும்."

"தானா?"

"ஆமா மாமா."

"என்னைக் கேக்காம?"

மாமா உட்கார்ந்தார். போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, என் ஆப்பின் படத்தைத் தேடி, அதன்மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தார். 'நீக்கவா?' என்று போன் கேட்டது. நீக்கிவிட்டார். "இத்தனை வருஷம் ரயில்ல டிக்கெட்டைத்தான் கேட்டிருக்கேன். ஒருத்தர் பையையும் திறந்து பார்த்ததில்லை" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனார்.

எனக்கு முதலில் சுள்ளென்று கோபம் வந்தது. சர்க்கரையை வைத்துக்கொண்டு பன் தின்றவர் அவர், பழி என் ஆப்புக்கா? அடுப்படியில் நின்று பாத்திரங்களிடம் முழுதும் சொல்லித் தீர்த்தேன். கோபம் இறங்கியதும் அவர் சொன்னது உறைத்தது. கேட்காமல் ஒருவர் பையைத் திறந்து ஊருக்குக் காட்டுகிற ஒன்றைத்தான் நான் எழுதியிருந்தேன். அதை எழுதிவிட்டுக் கண்ணாடியில் வேறு பார்த்துக்கொண்டேன்.

பிறகுதான் பன்னிரண்டு பதினொன்றாகிவிட்டது என்பது நினைவுக்கு வந்தது.

"அப்பாவை மறுபடி போட்டுக்கச் சொல்லேன்" என்றார் வீட்டுக்காரர்.

"எந்த முகத்தோட சொல்றது? தப்பு என்மேலன்னு எனக்கே தெரியுதே. நீங்க சொல்லுங்க."

"நானா? எனக்கு உயிர்மேல ஆசை இருக்கு."

அத்தை சர்க்கரை டப்பாவைத் தூக்கித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சாவிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மேனேஜருக்கு ஒரு செய்தி எழுதினேன். 'ஒண்ணாம் தேதி வந்துவிடுகிறேன், சார்.' எழுதும்போதே அழுகை வந்தது. வீட்டுக்காரர் போனைக் கையிலிருந்து வாங்கி, "இப்ப அனுப்பாதே. பட்டை சிவப்பாகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்.

மனம் வேறெதிலும் நிற்கவில்லை. இஸ்திரி மேசையில் உட்கார்ந்து அந்தக் 'குடும்பம்' வசதியைப் பிரித்துப் போட்டேன். இனி ஒரு படம் வந்தால் போன் முதலில் கேட்கும்: 'இதைக் குடும்பத்துக்கு அனுப்பவா?' சரி என்று தொட்டால்தான் போகும். ஆப் வெளியே வருமோ வராதோ, தப்பைத் தப்பாகவே விட்டுவைக்க எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலையில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பட்டையைப் பார்த்தேன். பச்சை. தாமதமாக மாறும்போலிருக்கிறது என்று நினைத்தேன். அதற்கடுத்த நாளும் பச்சை. பதினொன்று எப்படிப் பன்னிரண்டாகும்? அம்மாவை, அண்ணனை, எல்லோரையும் கேட்டேன். யாரும் புதிதாக யாரையும் சேர்க்கவில்லை.

அப்போதுதான் என் மரமண்டையில் பல்ப் எரிந்தது. அந்தப் பன் படம் மாமாவின் போனுக்குள் எப்படி வந்தது? 'குடும்பம்' அனுப்புவது என் ஆப் வழியாக வந்த படங்களை மட்டும்தான். அப்படியென்றால் பேக்கரியில் யாரோ ஒருவரிடம் என் ஆப் இருக்கிறது! படத்தைத் திறந்து அனுப்பியவர் பெயரைப் பார்த்தேன். 'கேக் மாஸ்டர்' என்று இருந்தது. ரோஜாக்களைத் திறந்து பார்த்தேன். எல்லா ரோஜாவும் கேக் மாஸ்டர்.

அடுத்த நாள் காலை மாமா கிளம்பியபின் நானும் காலில் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். மாமா பூங்காவை ஒரு சுற்று, நியாயமாக, கையை வீசி நடந்தார். பிறகு எதிர்த்தெரு பேக்கரிக்குள் நுழைந்தார். நான் கண்ணாடிக் கதவருகே நின்றேன். உள்ளே சூடான ரொட்டி வாசனை. இரும்பு மேசைகளில் பூங்காவில் நடந்து களைத்தவர்கள், இரவுப் பணி முடிந்த காவலாளி, செய்தித்தாள் போடும் அம்மா ஒருவர். மாமா உட்காரவில்லை. கையிலும் எதுவும் இல்லை. மேசை மேசையாகப் போய் நின்றுகொண்டிருந்தார்.

"போனைக் காட்டுங்க."

"நேத்துதானே சார் பார்த்தீங்க?"

"நேத்து நேத்தோட போச்சு. இன்னிக்குத் திறந்தீங்களா? திறங்க, நான் பார்க்கணும். ம், சரி."

அடுத்த மேசை. காவலாளி தலையைச் சொறிந்தார். "சார், போன் ரொம்ப மெதுவாயிடுச்சு. இதை அழிச்சுடலாம்னு..."

"வியாழக்கிழமை வரைக்கும் கூடாது! அதுக்கப்புறம் உங்க விருப்பம். எங்க கொடுங்க பார்ப்போம். இது என்ன, ஒரே வீடியோ ஏழு தடவை இருக்கு? இதுல ஆறை அழிங்க."

உள்ளிருந்து முழங்கை வரை மாவோடு ஒருவர் எட்டிப் பார்த்தார். "சார், உங்களுக்கு ரெண்டு நாளா ரோஜா போக மாட்டேங்குதே?"

"என் போனுக்கு உடம்பு சரியில்லை மாஸ்டர். அந்தப் பேப்பர் போடுற அம்மாவுக்கு அனுப்பிக் காட்டுங்க. ஒருநாள் விடக் கூடாது."

தன் போனிலிருந்து ரோஷத்தோடு அழித்துவிட்டு, ஊரார் போனில் அது இருக்கிறதா என்று சுற்றிக்கொண்டிருந்தார் மனிதர். எனக்குச் சிரிப்பு பீறிட்டது, கூடவே கண்ணில் நீரும் வந்துவிட்டது. இரண்டையும் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். மாமா என்னைப் பார்த்ததும் ஒரு கணம் டிக்கெட் இல்லாத பயணி மாதிரி விழித்தார்.

"நீயும் நடக்க வந்தியாம்மா?"

"ஆமா மாமா. மொத்தம் எத்தனை பேர்?"

மறைத்துப் பயனில்லை என்று தெரிந்துகொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். "ஒன்பது. நீ அனுப்பின இணைப்பைத்தான் இவங்களுக்கும் அனுப்பினேன். நீ உன் சித்தப்பாகிட்ட கெஞ்சினியே, அதுக்கு மறுநாள்."

"ஏன் மாமா?"

"பன்னிரண்டு இடத்துக்குப் பன்னிரண்டே பேரை வெச்சுக்கிட்டு எவனாவது வண்டியை எடுப்பானா? ஒருத்தன் வர மாட்டான். ஒருத்தன் பாதியில இறங்கிடுவான். காத்திருக்கிற ஆளுங்கன்னு கொஞ்சம் பேர் வேணாமா?"

"பாதியில இறங்கினது நீங்கதான் மாமா."

"அதுக்குத்தான் சொல்றேன்" என்றார், கொஞ்சமும் அசராமல்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? மூணு நாளா நான் செத்துப் பிழைச்சேன்."

மாமா மேசைமேல் இருந்த ரொட்டித் துகள்களை விரலால் ஒதுக்கினார். "கெடு வெச்சவனே ஆளும் பிடிச்சுக் கொடுத்தான்னா நல்லாவா இருக்கும்? அது நீ ஓடணும்னு வெச்ச கெடும்மா. நீ தோக்கணும்னு வெச்சதில்லை."

என் அப்பா இருந்திருந்தால்கூட இத்தனை பேரிடம் போய் எனக்காக நின்றிருப்பாரா, தெரியாது. அழுதால் மாமாவுக்குப் பிடிக்காது என்பதால், "சரி, அந்தப் பன்?" என்று கேட்டேன்.

"பேக்கரியில வந்து வெறும்வாயோட உக்கார முடியுமா? அது ஆள் பிடிக்கிற செலவு." சற்று நிறுத்தி, "இப்ப விட்டுட்டேன். உங்க அத்தை நெற்றிக்கண்ணைத் திறந்துட்டா" என்றார்.

"மாமா, நீங்க சொன்னதுதான் சரி. கேக்காம அனுப்பினது தப்பு. மாத்திட்டேன். இனிமே முதல்ல உங்களைத்தான் கேக்கும்."

"நான் சரின்னாதான் போகும்?"

"நீங்க தொட்டாதான் போகும்."

யோசித்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து என்னிடம் நீட்டினார். "போட்டுக் கொடு."

போட்டுக் கொடுத்தேன். கேக் மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒரு ரோஜாவை அனுப்பினார். 'இதைக் குடும்பத்துக்கு அனுப்பவா?' என்று மாமாவின் போன் பணிவாகக் கேட்டது. மாமா மறுத்துத் தள்ள விரலைக் கொண்டுபோனார்.

"மாமா, ஒரு நிமிஷம். இந்த ரோஜாவெல்லாம் நீங்களே அனுப்புறதாத்தான் அத்தை நெனச்சுக்கிட்டிருக்காங்க."

மாமாவின் காது சிவந்ததை அன்றுதான் பார்த்தேன். கேக் மாஸ்டர் நாகரிகம் தெரிந்தவர், அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். மாமா கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே பார்த்திருந்துவிட்டு, "பூ நல்லாத்தான் இருக்கு" என்று முனகியபடி 'சரி'யைத் தொட்டார்.

வியாழக்கிழமை இரண்டு வாரமும் முழுசாக முடிந்தது. அன்றே விண்ணப்பித்தேன். காவலாளி மறுநாளே அழித்துவிட்டார், சொன்ன சொல் தவறாத மனிதர். ஆப் கடைக்காரர்கள் ஆற அமரப் பார்த்து, கெடுவின் கடைசி நாள் மாலையில் பதில் போட்டார்கள். 'கைமாற்று இப்போது எல்லோருக்கும் கிடைக்கும்.' நான் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர்கள் இந்த முறை மேலேயே ஏறி வந்துவிட்டார்கள். அவர்கள் போனிலும் போட்டுவிட்டேன். வீட்டுக்காரர் என்னைத் தூக்கிச் சுற்றப் பார்த்தார், முடியவில்லை, இறக்கிவிட்டார். கேட்டுவிட்டு அனுப்புகிற வசதி மட்டும் அத்தைக்குப் பிடிக்கவே இல்லை. "முன்னாடி இருந்ததுதான் நல்லாருந்துச்சு, உருப்படியா ஒரு உண்மையாவது தெரிஞ்சுது" என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஒண்ணாம் தேதி காலையிலேயே மேனேஜர் கூப்பிட்டார். கூடத்தில் மாமா செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"வந்துக்கிட்டிருக்கீங்களா? உங்க நாற்காலியைத் துடைச்சு வெக்கச் சொல்லிட்டேன்."

"இல்லை சார். நான் வரலை."

"நல்லா யோசிச்சீங்களா? இந்த மாதிரி இடம் அப்புறம் கிடைக்காது."

"யோசிச்சுட்டேன் சார். என் ஆப் கடைக்கு வந்துடுச்சு. அந்த நாற்காலியை வேற யாருக்காவது கொடுத்துடுங்க."

போனை வைத்தபோது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஏழு வருடமாகச் சொல்ல நினைத்ததை ஐந்தே வரியில், மரியாதை குறையாமல் சொல்லி முடித்திருந்தேன். செய்தித்தாளுக்குப் பின்னால் வெகுநேரமாகப் பக்கம் புரளவில்லை.

"யாரு, மேனேஜரா?"

"ஆமா மாமா."

"வரலைன்னு சொன்னது கேட்டுச்சு. நம்ம ஆப்பைப் போட்டுக்கச் சொன்னியா?"

"அது... சொல்லலை மாமா."

"அவர் ஆபீசுல எத்தனை பேர் இருப்பாங்க?"

"இருநூறு பேர் இருப்பாங்க."

மாமா செய்தித்தாளை இறக்கி என்னைப் பார்த்தார்.

"திரும்பக் கூப்பிடும்மா" என்றார்.